பழுப்பான இதழ், ஒட்டும் ரெசின், வாடிய கிரீடம்: மலர்க் கைவேலைப் பழுதுகளும் அவற்றைச் சரிசெய்யும் வழியும்

பூ வேலையில் தவறு நடக்கும் நாள் ஒன்று, அது கண்ணுக்குத் தெரியும் நாள் வேறொன்று. பறிக்கும்போது இதழில் இருந்த பனித்துளி ஒரு வாரம் கழித்துப் பழுப்புப் புள்ளியாக எழுகிறது. அரைகுறையாகக் காய்ந்த காம்பு ரெசினுக்குள் (திரவமாக ஊற்றினால் கண்ணாடிபோல் இறுகும் செயற்கைப் பிசின்) போய், ஒரு மாதம் சும்மா இருந்துவிட்டு, பிறகு தன்னைச் சுற்றிக் கறை போடுகிறது. எனவே பழுதைப் பார்த்ததும் முதலில் கேட்க வேண்டியது, இது எப்போது தெரிய ஆரம்பித்தது என்பதைத்தான். ஒரு மணி நேரத்திலா, மூன்றாம் நாளிலா, மூன்றாம் மாதத்திலா? காரணத்தின் பாதி அந்த விடையிலேயே இருக்கும்.

அழுத்தி உலர்த்திய பூக்களால் ஆன படங்கள், ரெசினில் பதித்த பதக்கங்கள், காதணிகள், புதுப்பூவில் கட்டும் கிரீடங்கள், மணிக்கட்டுக் கொத்துகள், துணியில் பதிக்கும் பூச்சாயம் ஆகியவை இங்கே வருகின்றன. உங்கள் பழுது எதுவோ அந்தத் தலைப்புக்கே நேராகப் போய்விடலாம்.

அழுத்தி வைத்த பூ பழுப்பாகிவிட்டது

அதிகம் கேட்கப்படும் புகார் இதுதான். இதழின் செல்கள் நசுங்கும்போது பாலிஃபீனால் ஆக்சிடேஸ் என்ற நொதி, இதழில் உள்ள ஃபீனால் பொருட்களோடும் காற்றின் ஆக்சிஜனோடும் சேர்ந்து பழுப்பு நிறத்தை உண்டாக்குகிறது. அந்த நொதி வேலை செய்ய ஈரம் வேண்டும். ஈரம் எவ்வளவு சீக்கிரம் வெளியேறுகிறதோ அவ்வளவுக்கு நிறம் தப்பும். பூவை அழுத்தும் வேலை என்பது எடை வைக்கும் வேலையன்று, ஈரத்தை விரட்டும் வேலை. கனமான புத்தகத்துக்குள் வைத்து மறந்துவிடுகிறவர்களுக்குப் பழுப்புப் பூ கிடைப்பதில் வியப்பில்லை.

இரண்டு மூன்று நாளில் பூ முழுவதும் பழுத்துவிட்டதா? பூவின் இரு பக்கமும் ஈரம் உறிஞ்ச வைத்த தாளை மாற்றவில்லை என்று பொருள். முதல் 24 மணி நேரத்தில்தான் பெரும்பகுதி நீர் வெளியேறுகிறது. அந்த ஈரத்தாள் அப்படியே இருந்தால், பூ தன் நீரிலேயே ஊறிக் கிடக்கும். மறுநாள் கட்டாயம் தாளை மாற்றுங்கள், அடுத்த மூன்று நான்கு நாட்களுக்குத் தினமும் மாற்றுங்கள். மை உறிஞ்சும் தாள் சிறந்தது. சமையலறைத் துடைப்புத்தாளில் புடைப்புப் புள்ளிகள் இருக்கும். அந்தப் புள்ளிகள் வரிசை வரிசையாக இதழில் பதிந்துவிடும், பிறகு எதைச் செய்தாலும் போகாது.

நடுப்பகுதி மட்டும் பழுப்பா? புல்லிவட்டம், அதாவது இதழ்களைத் தாங்கும் அடிப்பகுதி, தடித்த பூ அது. ரோஜா, சாமந்தி, செம்பருத்தி எல்லாம் இந்த வகை. கூரிய கத்தியால் பூவை நெடுக்கில் பாதியாக வகிர்ந்து அழுத்தலாம். இல்லையென்றால் இதழ்களைத் தனித்தனியாகக் கழற்றி உலர்த்திவிட்டு, படத்தில் ஒட்டும்போது மீண்டும் பூவாக அடுக்கலாம். இரண்டாவது வழி பொறுமையைக் கேட்கும். ஆனால் ரோஜாவுக்கு அதுதான் சரி.

அங்கங்கே திட்டுத்திட்டாகப் பழுத்திருந்தால் பனி, மழை, விரல் மூன்றில் ஒன்று காரணம். அழுத்துவதற்கான பூவைப் பனி உலர்ந்த பிறகு, முற்பகலில் பறியுங்கள். இதழைத் தொடாமல் காம்பைப் பிடியுங்கள், நுனி மழுங்கிய இடுக்கியால் எடுத்து வையுங்கள். புதுப்பூவாகவே அணிவதற்கென்றால் விதி தலைகீழ்: செடி இரவெல்லாம் நீர் ஏற்றி விறைத்து நிற்கும் விடியற்காலையில் பறிக்க வேண்டும். ஒரே பூவுக்கு இரண்டு நேரம். பலர் குழம்பும் இடம் இதுதான்.

எடுக்கும்போது நன்றாக இருந்த பூ, சில வாரங்களில் ஓரத்திலிருந்து பழுக்கிறதா? அது முழுதாகக் காயாமலே வெளியே வந்திருக்கிறது. இதற்கு எளிய சோதனை ஒன்று உண்டு. காய்ந்த பூவை மேலுதட்டில் மெல்லத் தொடுங்கள். சில்லென்று இருந்தால் இன்னும் ஈரம் ஆவியாகிக்கொண்டிருக்கிறது, திரும்ப உள்ளே வையுங்கள். அறையின் வெப்பத்திலேயே இருந்து, விரலால் தள்ளும்போது தாள் உரசும் ஒலி கேட்டால் காய்ந்துவிட்டது. உதடுவரை கொண்டுபோகும் இந்தச் சோதனையை நஞ்சுள்ள பூக்களுக்குச் செய்யாதீர்கள். அவற்றுக்குப் புறங்கை போதும்.

அவசரமென்றால் இரண்டு பீங்கான் ஓடுகளுக்கு நடுவே தாளும் பூவும் வைத்து, மைக்ரோவேவ் அடுப்பில் குறைந்த சக்தியில் 30 நொடி, ஆறவிட்டு மறுபடி 30 நொடி என்று உலர்த்தலாம். ஒரே மூச்சில் இரண்டு நிமிடம் வைத்தால் பூ உலராது, வெந்துவிடும்.

பழுக்கவில்லை, ஆனால் இதழ் சுருங்கி அலையலையாக இருக்கிறது

நடுவில் தடித்த பகுதி, பூவை அழுத்தும் பலகையைத் தாங்கிக்கொள்வதால் மெல்லிய இதழ்களின்மேல் அழுத்தமே விழவில்லை. தாளுக்கு மேல் மெல்லிய நுரைத்தகடு ஒன்றை வையுங்கள். தடித்த இடத்தில் அது அமுங்கும், மெல்லிய இடத்தில் இதழைப் பிடித்துக்கொள்ளும். பலகைகளை இறுக்கும் திருகாணியை இன்னும் இறுக்கினால் நடுப்பகுதிதான் நசுங்கும், இதழ் அப்படியேதான் இருக்கும்.

காய்ந்த பிறகு தாளில் ஒட்டும்போது அலையடித்தால் பசையில் உள்ள நீர் காரணம். வெள்ளைப் பசையைப் பூ முழுவதும் பூசக்கூடாது. பல்குத்தும் குச்சி நுனியால் நான்கைந்து புள்ளிகள் போதும்.

நிறம் மாறிவிட்டது, வெளுத்துவிட்டது

மாறுவது வேறு, வெளுப்பது வேறு. எது நடந்தது என்று முதலில் பாருங்கள்.

சிவப்பு ரோஜா காய்ந்ததும் ஏறக்குறையக் கறுப்பாகிறது. இது கெட்டுப்போனதன்று. நீர் போனபின் அதே அளவு நிறமி குறைந்த இடத்தில் அடர்ந்து நிற்கிறது. காய்ந்த பின் சிவப்பாகத் தெரிய வேண்டுமானால், பறிக்கும்போதே ஒரு படி வெளிறிய பூவைத் தேர்ந்தெடுங்கள்: இளஞ்சிவப்பு, ஆரஞ்சு கலந்த சிவப்பு.

சிவப்பு ஊதாவாகவோ நீலமாகவோ திரும்பினால் காரணம் காரத்தன்மை. ரோஜா, செம்பருத்தி, சங்குப்பூ போன்றவற்றின் நிறம் ஆந்தோசயனின் வகை. அமிலத்தில் அது சிவக்கும், அமிலம் குறையக் குறைய ஊதாவாகி நீலத்தை நோக்கிப் போகும். காரம் கலந்த தாளோ பசையோ இந்த வேலையைச் செய்துவிடும். பயன்படுத்தப்போகும் பசையை ஓர் உதிரி இதழில் தடவி ஒரு நாள் விட்டுப் பார்ப்பது நல்லது.

காகிதப்பூ, வாடாமல்லி, கோழிக்கொண்டை ஆகியவற்றின் நிறம் பீட்டாலெயின் என்ற முற்றிலும் வேறொரு குடும்பம். ஆந்தோசயனின் உள்ள செடியில் பீட்டாலெயின் இருக்காது, இது உள்ளதில் அது இருக்காது. இவை காய்ந்தும் அழகாக நிற்கும். ஆனால் நீர் பட்டால் சாயம் இறங்கும், எனவே நீர் கலந்த பசையும் மெருகும் இவற்றுக்கு ஆகாது. செண்டுமல்லி போன்றவற்றின் மஞ்சளும் ஆரஞ்சும் கரோட்டினாய்டு வகை. நிறம் நிலைக்க வேண்டிய வேலையில் தொடங்குகிறவர்கள் இந்த மஞ்சளில் தொடங்கலாம். இலையின் பச்சை, வெப்பத்திலும் அமிலத்திலும் தன் மெக்னீசியத்தை இழந்து மங்கிய ஆலிவ் நிறத்துக்குப் போகும்.

மாதக்கணக்கில், எல்லா இடத்திலும் ஒரே சீராக வெளுத்தால் ஒளியைத் தவிர வேறு குற்றவாளி இல்லை. அருங்காட்சியகங்களில் இப்படிப்பட்ட மென்மையான பொருட்களுக்கு 50 லக்ஸ் என்ற மங்கிய வெளிச்சத்தையே வைக்கிறார்கள். புறஊதாவைத் தடுக்கும் கண்ணாடியும் மெருகும் வெளுப்பைத் தள்ளிப்போடும், நிறுத்தாது. கண்ணுக்குத் தெரியும் ஒளியும் நிறமியைச் சிதைக்கிறது. "என்றென்றும் நிறம் மாறாது" என்று சொல்லி விற்கப்படும் எந்தத் தெளிப்பானையும் நம்பாதீர்கள். ஜன்னலுக்கு எதிர்ச்சுவரில் மாட்டாதீர்கள். மங்கிய இதழுக்குப் பின்னால் அதே நிறத்தில் நீர்வண்ணம் லேசாகப் பூசுவது அனுபவசாலிகள் பலர் செய்வதுதான், அதில் கூச்சப்பட ஒன்றுமில்லை.

வெள்ளைப் பூ ரெசினுக்குள் கண்ணாடிபோல் ஆகிவிட்டது

வெள்ளை இதழில் வெள்ளை நிறமி என்று ஒன்று பெரும்பாலும் இருப்பதில்லை. செல்களுக்கு நடுவே உள்ள நுண்ணிய காற்று இடைவெளிகள் ஒளியைச் சிதறடிப்பதால்தான் இதழ் வெண்மையாகத் தெரிகிறது. ரெசின் அந்த இடைவெளிகளில் புகுந்ததும் சிதறல் நின்றுபோகிறது. ஒளி நேராகக் கடந்துவிடுகிறது, நரம்புகள் மட்டும் மிஞ்சுகின்றன. ஜப்பானிய மலைக்காடுகளில் வளரும் டிஃபில்லியா கிரேயி என்ற செடியின் வெள்ளைப் பூக்கள் மழையில் நனைந்ததும் ஒளிபுகும் இதழ்களாக மாறுவதும் இந்தக் காரணத்தால்தான். அங்கே காய்ந்ததும் வெண்மை திரும்பிவிடும். ரெசின் இறுகிவிட்டால் திரும்பாது.

ஆகவே தடுப்புதான் வழி. காய்ந்த இதழின் இரு பக்கமும் பி.வி.ஏ. எனப்படும் வெள்ளைப் பசையைச் சிறிது நீர்த்துப் பூசி, காயவிட்டு, இன்னொரு முறை பூசுங்கள். அக்ரிலிக் மெருகுத் தெளிப்பும் ஆகும். இந்தப் படலம் ரெசினை உள்ளே விடாது. இன்னும் உறுதி வேண்டுமென்றால் இதழின் பின்பக்கம் வெள்ளை அக்ரிலிக் வண்ணத்தை மிக மெல்லியதாகத் தேய்த்துவிடுங்கள். ஏற்கெனவே இறுகிப்போன பதக்கத்துக்கு ஒரே சிகிச்சைதான்: பின்புறத்தில் வெள்ளை அல்லது தந்த நிறம் பூசி, அந்த நரம்பு வலையையே அழகாக ஆக்கிக்கொள்வது.

ரெசின் இறுகவில்லை, பிசுபிசுக்கிறது

எந்த ரெசின் என்று பாருங்கள். இரண்டு திரவங்களைக் கலக்கும் எபாக்சி என்றால்:

முழுப் பரப்பும் ஒட்டினால் அளவு தவறு அல்லது குளிர். ஒன்றுக்கு ஒன்று என்று புட்டியில் போட்டிருந்தால் அது கொள்ளளவா, எடையா என்று படியுங்கள். ரெசினும் கடினமாக்கியும் ஒரே அடர்த்தி கொண்டவை அல்ல. கொள்ளளவுக்கான விகிதத்தைத் தராசில் வைத்து அளந்தால் தவறும். சீக்கிரம் இறுகட்டும் என்று கடினமாக்கியைக் கூட்டி ஊற்றுவதும் வீண். எபாக்சியில் இரு பகுதிகளும் ஒன்றோடொன்று இணைந்துதான் திடமாகின்றன. இணை கிடைக்காத மிச்சம் உள்ளேயே பிசினாகத் தங்கிவிடும். அறை 20 டிகிரி செல்சியசுக்குக் கீழே இருந்தால் மட்டும் காத்திருப்பதில் பொருள் உண்டு, இடத்தை 24, 25 டிகிரிக்குச் சூடாக்கிப் பாருங்கள்.

அங்கங்கே மட்டும் ஒட்டினால் கலக்கியது போதவில்லை. கோப்பையின் சுவரிலும் மூலையிலும் ஒட்டியிருந்த கலக்காத ரெசினை வழித்து ஊற்றியிருப்பீர்கள். மூன்று நிமிடமாவது மெதுவாகக் கலக்கி, வேறொரு கோப்பைக்கு மாற்றி, மறுபடி ஒரு நிமிடம் கலக்குங்கள். முதல் கோப்பையை வழிக்காதீர்கள். ஒட்டும் இடத்தைச் சுரண்டி, ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் துடைத்து, சரியாகக் கலந்த மெல்லிய அடுக்கை மேலே விட்டால் பெரும்பாலும் பொருள் பிழைத்துக்கொள்ளும்.

புறஊதா விளக்கொளியில் இறுகும் யு.வி. ரெசின் என்றால் கேள்வி ஒன்றுதான்: ஒளி எட்டியதா? அடர்ந்த நிறப் பூவின் நிழலில் உள்ள ரெசின் திரவமாகவே இருக்கும். மேலே கல்லாகியிருக்கும், கீழே கசியும். அடுக்கு 2 மில்லிமீட்டரைத் தாண்டாமல் விட்டு, ஒவ்வொன்றையும் விளக்கில் காட்டுங்கள். ஒளிபுகும் அச்சைத் திருப்பிப் பின்பக்கத்தையும் காட்டுங்கள். விளக்கின் அலைநீளம் 365 முதல் 405 நானோமீட்டருக்குள், உங்கள் ரெசின் கேட்பதற்கு ஏற்றதாக இருக்க வேண்டும்.

ரெசினுக்குள் குமிழ், பூவைச் சுற்றி வெள்ளி நிற விளிம்பு

அந்த வெள்ளி விளிம்பு, இதழைப் போர்த்திக்கொண்டு உள்ளே போன காற்று. பூவை அச்சில் போடுமுன் அதன் இரு பக்கமும் தூரிகையால் ரெசினைத் தடவி, மடிப்புகளுக்குள்ளும் போகவிடுங்கள். முதலில் மெல்லிய அடுக்கு, அதன்மேல் பூ, பிறகு மற்றது. ரெசின் புட்டியை வெதுவெதுப்பான நீரில் சில நிமிடம் நிறுத்தினால் திரவம் இளகி, குமிழ்கள் தாமாகவே ஏறும். மேலே வந்த குமிழைச் சூடான காற்றால் உடைக்கும்போது ஓரிடத்தில் நிறுத்தாதீர்கள், காய்ந்த இதழ் சட்டென்று கருகும். ஊசியால் குத்தி எடுப்பது மெதுவான வழி, ஆபத்தில்லாத வழி.

ரெசினில் போட்ட பிறகு பூ பழுத்தது

ஒரு மணி நேரத்திலேயே பழுத்தால் வெப்பம். எபாக்சி இறுகும்போது சூட்டை வெளிவிடும், கனமாக ஊற்ற ஊற்றச் சூடு கூடும், பூ உள்ளேயே வெந்துபோகும். பல மெல்லிய அடுக்குகளாகப் பிரித்து ஊற்றுங்கள். சில வாரங்களில் காம்பு, சூலகம் போன்ற தடித்த பகுதியிலிருந்து கறை பரவினால் மிச்ச ஈரம். முழுப் பூவைப் பதிக்க விரும்பினால் சிலிக்கா ஜெல் துகளில் புதைத்து உலர்த்துவதுதான் நம்பத்தக்கது. ஆரஞ்சு நிறத் துகள் பச்சையாகத் திரும்பிவிட்டால் அது ஈரம் குடித்து நிறைந்துவிட்டது. உற்பத்தியாளர் சொல்லும் வெப்பத்தில், பெரும்பாலும் 120 டிகிரி அளவில், சூடாக்கி மறுபடி பயன்படுத்தலாம். பூ அப்படியே இருந்து, ரெசின் மட்டும் மஞ்சளானால் அது ரெசினின் குணம், ஒளியால் வருவது. பூவைக் குறை சொல்லாதீர்கள்.

புதுப்பூக் கிரீடம் அணிவதற்குள் வாடிவிட்டது

கட்டிய கை காரணமாக இருப்பது குறைவு. கட்டுவதற்கு முன் பூ போதிய நீர் குடிக்காததுதான் வழக்கமான காரணம். வெட்டிய காம்பின் வாய்க்குள் காற்று புகுந்து நீர்க்குழாயை அடைத்துவிடுகிறது. காம்பை நீருக்கடியில் வைத்துச் சாய்வாக வெட்டி, நிழலில் நான்கு மணி நேரமாவது, முடிந்தால் இரவு முழுவதும், ஆழமான நீரில் நிறுத்துங்கள். கட்டிய பிறகு பூவுக்கு நீர் கிடையாது, உள்ளே சேர்த்து வைத்ததுதான் கையிருப்பு.

அடுத்தது தேர்வு. ஆர்க்கிட், கார்னேஷன், சாமந்தி, வாடாமல்லி ஆகியவை நீரின்றியும் தாங்கும். ஹைட்ராஞ்சியா தாங்காது. ஆனால் அதன் கொத்தையே சிறிது நேரம் நீரில் அமிழ்த்தினால் இதழ் வழியாகவும் நீர் ஏறி நிமிர்ந்துவிடும்.

கார்னேஷன் இதழ்கள் உள்நோக்கிச் சுருண்டு தூங்குவதுபோல் ஆனால் எத்திலீன் வாயுவைச் சந்தேகியுங்கள். குளிர்பெட்டியில் பழுத்த பழங்களோடு வைத்திருப்பீர்கள். ஆர்க்கிட் இதழில் கறுப்புத் திட்டு வந்தால் குளிர் தாக்கியிருக்கிறது, வெப்பமண்டலப் பூக்களை 10 டிகிரிக்குக் கீழே கொண்டுபோகக் கூடாது. மற்றவற்றை மூடிய பெட்டியில், ஈரத்தாள் ஒன்றைப் பூவில் படாமல் வைத்துப் பாதுகாக்கலாம். இதழின்மேல் நீர் தெளித்துத் துளியோடு மூடி வைத்தால் காலையில் பழுப்புப் புள்ளிகள்தான் மிஞ்சும்.

பூத்தலை தொங்குகிறது, கழன்று விழுகிறது

கம்பியின் பருமன் தவறு. பூக்கம்பியில் எண் கூடக்கூடக் கம்பி மெலியும். சிறு பூவுக்கு 24 முதல் 26, ரோஜா அளவுக்கு 20 முதல் 22, கிரீடத்தின் வளையத்துக்கு 16 அல்லது 18. ரோஜாவுக்குப் புல்லிவட்டத்தின் அடியில் குறுக்காகக் குத்தி, இரு முனைகளையும் கீழே மடித்து முறுக்குங்கள். பூ டேப் ஒட்டவே இல்லை என்கிறவர்கள் அதை இழுக்காமல் சுற்றுகிறார்கள். அது மெழுகு பூசிய சுருக்குத்தாள், இழுத்து நீட்டும்போதுதான் மெழுகு வெளிப்பட்டு ஒட்டும். நாரில் கட்டுவதென்றால் நாரை நனைத்துக்கொள்ளுங்கள். காய்ந்த வாழைநார் முடிச்சுப் போடும்போதே முறியும். மெல்லிய நூல் காம்பை அறுக்கும், சற்றுத் தடித்த பருத்தி நூல் நல்லது.

துணியில் பதித்த பூ ஒரே துவைப்பில் போய்விட்டது

துணி அதைப் பிடித்துக்கொள்ள ஆயத்தமாக இல்லை. புதுத்துணியில் உள்ள கஞ்சியையும் எண்ணெய்ப் பசையையும் நன்றாகத் துவைத்து நீக்கிய பிறகு, பட்டு அல்லது கம்பளி என்றால் துணி எடையில் 10 முதல் 15 விழுக்காடு படிகாரம் கரைத்த நீரில் ஊறவையுங்கள். பருத்திக்குப் படிகாரம் மட்டும் போதாது. முதலில் கடுக்காய் போன்ற துவர்ப்புள்ள நீரில் ஊறப்போட்டு, பிறகு படிகாரத்துக்குக் கொண்டுபோங்கள். பதித்ததும் துவைக்காமல் சில நாள் காயவிட்டு, ஒட்டிய சக்கையைத் துலக்கிவிட்டு, காரமில்லாத சோப்பில் அலசுங்கள். செண்டுமல்லி நிற்கும். செம்பருத்தியின் சிவப்பு எவ்வளவு முயன்றாலும் மங்கும், அணியும் துணிக்கு அதை நான் பரிந்துரைப்பதில்லை. துருப்பிடித்த ஆணியோ இரும்புப் பாத்திரமோ பட்டால் நிறம் கறுக்கும், வேண்டுமென்றே அதைச் செய்கிறவர்களும் உண்டு.

இலை தொட்டாலே நொறுங்குகிறது

தலையில் சூடும் பொருளில் வெறுமனே உலர்த்திய இலையைப் பயன்படுத்தாதீர்கள். ஒரு பங்கு கிளிசரினுக்கு இரண்டு பங்கு வெந்நீர் கலந்து, காம்பை நசுக்கி அதில் நிறுத்துங்கள். இலை கிளிசரினைக் குடித்துத் துவளும் தன்மையோடு நிற்கும், நிறம் மட்டும் செம்பழுப்புக்குப் போகும். இலையின்மேல் எண்ணெய்போல் வியர்த்தால் அதிகமாகக் குடித்துவிட்டது, துடைத்துவிட்டு வெளியே எடுங்கள்.

பூஞ்சணம், பூச்சி

சட்டத்துக்குள் வெள்ளைப் பூஞ்சணம் என்றால் உள்ளே ஈரம் அடைபட்டிருக்கிறது. பூ கண்ணாடியைத் தொடாதபடி விளிம்பில் இடைவெளி விட்டுச் சட்டமிடுங்கள். பொடிப்பொடியாகத் தூள் விழுந்தால் பூச்சி. பொருளை ஈரம் புகாத பையில் மூடி, -18 டிகிரி உறைபெட்டியில் இரண்டு வாரம் வையுங்கள். எடுத்ததும் பையைத் திறக்க வேண்டாம். அறை வெப்பத்துக்கு வந்த பிறகு திறந்தால் நீர் பூத்து நனையாது.

அணிந்தவருக்கு அரிப்பு, தடிப்பு

இதை மட்டும் மெதுவாக எடுத்துக்கொள்ளக் கூடாது, அணிந்ததை உடனே கழற்ற வேண்டும். சாமந்திக் குடும்பத்துப் பூக்கள் சிலருக்கு ஒவ்வாமை தரும். எருக்கு, கள்ளி ஆகியவற்றின் பால் கண்ணில் பட்டால் பெருந்தீங்கு. அரளி முழுச்செடியும் நஞ்சு. இவற்றைக் கிரீடத்திலும் குழந்தைகள் அணிவதிலும் சேர்க்காதீர்கள். லில்லியின் மகரந்தப் பைகளைப் பூ விரிந்ததுமே கிள்ளிவிடுங்கள். உடையில் மகரந்தம் பட்டால் நீரால் தேய்க்காமல் ஒட்டுநாடாவால் தூக்கி எடுங்கள்.

காதணி அணிந்த இடத்தில் அரித்தால் பூவையும் ரெசினையும் சந்தேகிக்கும் முன் கொக்கியின் உலோகத்தைப் பாருங்கள், நிக்கல் கலந்திருக்கலாம். செய்கிறவரின் கையில் தடிப்பு என்றால் இறுகாத எபாக்சி. நைட்ரைல் கையுறை அணிந்து, காற்றோட்டத்தில் வேலை செய்யுங்கள். ஒருமுறை ஒவ்வாமை வந்துவிட்டால் அடுத்த முறை சிறிதளவே போதும். இறுகிய ரெசினைத் தேய்க்கும்போது நீர் விட்டுத் தேய்த்தால் தூசி பறக்காது.

விதை மணிகளில் ஒரு தடை. கறுப்பும் சிவப்புமான குன்றிமணியில் அப்ரின் என்ற கொடிய நஞ்சு இருக்கிறது. கடினமான தோல்தான் அதை அடைத்து வைத்திருக்கிறது. துளை போட்டதும் அந்தக் காப்பு போய்விடும், துளைக்கும்போது பறக்கும் தூளும் ஆபத்து. கோத்த குன்றிமணி மாலை கையில் இருந்தால் வாயில் வைக்கும் வயதுள்ள குழந்தைகள் இருக்கும் வீட்டிலிருந்து அகற்றிவிடுங்கள். சிவப்பு விதைதான் வேண்டுமென்றால், கறுப்புப் பொட்டு இல்லாமல் முழுவதும் சிவந்திருக்கும் ஆனைக்குன்றிமணியைக் கோக்கலாம். அதையும் விழுங்கக் கொடுக்கக் கூடாது.